முதல் அடி யாருக்கு

தாராவி மளிகைக்கடைக்காரர் ராஜபாண்டிக்கு, மேசையில் கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் ‘பூல்’ பந்தாட்டத்தில் மனைவியின் அண்ணன் பூலோகத்தை ஒருமுறையாவது ஜெயித்துவிட வேண்டும். முதல் அடி கிடைத்தால் பூலோகம் அடுத்தவருக்கு முறையே விடாமல் மேசையையே காலி செய்துவிடுவார். அது யாருக்கு என்பதற்கு ஒரு குட்டிப் போட்டி உண்டு: இருவரும் ஒரே பக்கமிருந்து ஆளுக்கொரு பந்தை அடிக்க, யாருடைய பந்து எதிர் விளிம்பில் மோதித் திரும்பி இந்தப் பக்க விளிம்புக்கு மிக நெருக்கமாக நிற்கிறதோ, அவர் முடிவுசெய்யலாம்.

மாஹிம் கிளப்பில் ராஜபாண்டி அதை மட்டுமே பழகினார்.

“என்னவே, குழியில ஒண்ணும் போடமாட்டீரா?” என்றார் கிளப்காரர் சுடலை.

“மொதல்ல இது படியட்டும்வே.”

ஆட்டத்தன்று ராஜபாண்டியின் பந்து விளிம்பை உரசினாற்போல வந்து நின்றது. பூலோகத்தின் பந்து ஒரு சாண் தள்ளி நின்றது. வேடிக்கை பார்க்க வந்த மனைவி செண்பகவல்லிக்கே புல்லரித்துவிட்டது.

“யாரு மொதல்லன்னு நீரே சொல்லும்” என்றார் சுடலை.

பிள்ளைகளின் தாய்மாமன் என்று, காதுகுத்திலிருந்து எல்லா விசேஷத்திலும் பூலோகத்துக்கே முதல் மரியாதை செய்து பழகிய ராஜபாண்டியின் வாய் முந்திக்கொண்டது.

“மச்சான் இருக்கையில நான் எப்படி? நீங்களே ஆரம்பிங்க.”

பூலோகம் மறுக்கவில்லை. மேசை காலியானது.

வீடு திரும்பும் வழியில் செண்பகவல்லி சொன்னாள்: “பந்து படிஞ்சிட்டு. நாளையிலருந்து வாயைப் பழக்குங்க.”