அது குல்லா இல்லை

டம்ளருக்கு அடியில் வைக்க ஒரு விரிப்பு பின்னுவது குற்றமா? சொல்லுங்கள். ஒரு வாரமாக இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரத்தில் போன். ஒடுகத்தூரிலிருந்து சம்பந்தியம்மா. என் மகள் நிவேதாவின் மாமியார்.

"இவ்ளோ பெரிய சந்தோஷத்த எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே சம்மந்தி" என்றார். 

"இன்னா சந்தோஷம்?"

"சரி சரி. மூணு மாசம் முடியட்டும். நானும் வாய தொறக்க மாட்டேன். ஆனா என்கிட்டகூட சொல்லலியேன்னுதான் மனசு கேக்கல."

தோசை கருகும் வாசனை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் என் கையால் நான் பின்னிய ஒரு மஞ்சள் வட்டம்.

நாங்கள் இருப்பது மலைமேல், காவலூரில். வீட்டுக்காரருக்கு இங்கே நட்சத்திரம் பார்க்கிற அப்சர்வேட்டரியில் வேலை. ஊர் உலகம் தூங்கும்போது அவர் விழித்திருப்பார். நாங்கள் விழித்திருக்கும்போது தூங்குவார். ஆகவே பகலில் என் வீட்டில் மிக்ஸி கூடாது, டிவி கூடாது, பாத்திரம் கீழே விழக் கூடாது. சத்தமில்லாத பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் யூடியூபில் குரோஷே பின்னல் கண்ணில் பட்டது. ஒரு கொக்கி ஊசி, கொஞ்சம் உல்லன் நூல், இரண்டு கை. சத்தமே கிடையாது. எனக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

ஊசியும் நூலும் வாங்க ஒடுகத்தூர் போனேன். அங்கேயே ஆரம்பித்தது வம்பு. ஃபேன்ஸி ஸ்டோர்காரர் ஊசியை எடுக்கும் முன்பே, "பாப்பாவுக்காம்மா?" என்றார்.

"இல்லைங்க, டம்ளருக்கு."

நான் ஏதோ வெட்கத்தில் பொய் சொல்வதுபோல் சிரித்துவிட்டு, வெளிர் மஞ்சள் நூலை எடுத்து வைத்தார். "பொண்ணோ பையனோ, மஞ்சள்னா ரெண்டுக்கும் சேரும்." நீலம் கேட்டேன். ஸ்டாக் இல்லையாம். அவர் தலைக்கு மேலேயே நீலம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீடியோவில் வரும் அம்மணி 'ரொம்ப ஈஸி' என்பதுபோல் சிரித்துக்கொண்டே பின்னுகிறார். ஈஸியா? ஊசி நூலைப் பிடிக்காது. பிடித்தால் விடாது. என் விரலோ சுளுக்கிக்கொண்ட மாதிரி விறைத்து நிற்கும். உள்ளே தூங்குகிறவருக்காக வீடியோவின் சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த அம்மணியின் கையை மட்டும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சங்கிலி வந்தது. சங்கிலி வளையமானது. வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் போனேன்...

வட்டம் மெல்ல ஓரத்தைத் தூக்கியது. அழுத்தினேன். மேலே அரிசி டப்பாவை வைத்தேன். டப்பாவை எடுத்ததும் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. அடுத்த சுற்றில் சரியாகிவிடும் என்று இன்னொரு சுற்று போட்டேன். அது இன்னும் குழிந்தது.

அப்போதுதான் உறைமோர் கேட்டு வந்தாள் பக்கத்து வீட்டுச் செல்வி. நல்ல பெண்தான். ஆனால் அவள் காதில் விழுந்தது எதுவும் காதோடு நின்றதில்லை.

"இன்னாக்கா, குல்லாவா?"

"விரிப்பு செல்வி. டம்ளர் வெக்கறதுக்கு."

"விரிப்பு இப்டிதான் குழியா இருக்குமா?"

ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தேன். குரலைத் தாழ்த்தி, "நிவேதாவுக்கு எத்தினி மாசம்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல செல்வி. சத்தியமா."

"புரியுதுக்கா. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

யாரிடம் சொன்னாள்? ஒடுகத்தூரில் இருக்கும் தன் தங்கையிடம். தங்கை வீட்டுக்கு எதிர்வீடுதான் சம்பந்தியம்மா வீடு. அவரும் சும்மா நம்பிவிடவில்லை. ஃபேன்ஸி ஸ்டோரில் போய் விசாரித்திருக்கிறார். மஞ்சள் நூல் வாங்கினது உண்மை என்று சாட்சி கிடைத்துவிட்டது. வழக்கு முடிந்தது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். நல்ல வழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதன் லட்சணத்தைப் பாருங்கள். 'ஆமாம்' என்றால் ஆமாம். 'இல்லை' என்றால்... மறைக்கிறாள், அப்படியென்றால் நிச்சயம் ஆமாம். கோபித்துக்கொண்டால் மசக்கைக் கோபம். அழுதால் ஆனந்தக் கண்ணீர். ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றி 'இல்லை' என்று சொல்ல இந்த ஊரில் வழியே கிடையாதா?

நிவேதாவுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். ஓசூரில் அவளும் மாப்பிள்ளையும் வேலை பார்க்கிறார்கள். டாக்டர், மாத்திரை, கோயில், மறுபடி டாக்டர். ஒவ்வொரு மாதமும் 'இந்த வாட்டியும் இல்லம்மா' என்று எனக்கு ஒரு போன் வரும். வாய்க்கு வாய் செய்தி பரவி, அந்தப் பெண்ணுக்கு இந்த வாரம் உறவுக்காரர்கள் வரிசையாகப் போன் செய்து வாழ்த்தியிருக்கிறார்கள். (இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதும்மா. நாலு பேர் படிக்கட்டும்" என்றாள்.)

ஞாயிற்றுக்கிழமை நிவேதா மலைக்கு வந்தாள். அவள் வருகிறாள் என்று தெரிந்து சம்பந்தியம்மாவும் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் புளியோதரை, மல்லிப்பூ, பை நிறைய மாங்காய். பின்னாலேயே செல்வி.

"அத்தை, நெஜமாவே ஒண்ணும் இல்ல" என்றாள் நிவேதா.

"தெரியும்மா, தெரியும்" என்று அவள் தலையில் பூவை வைத்துவிட்டார் அவர். "படியில பாத்து எறங்கு."

என் மகளின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் உள்ளே மனுஷன் தூங்குகிறார். இந்த வீட்டில் கோபத்தைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் காட்ட வேண்டும். நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுக்களைக்குப் போய், அத்தைக்கு எடுத்து வைத்திருந்த டீ டம்ளரோடு வந்தாள். அந்த மஞ்சள் வட்டத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் டம்ளரை வைத்தாள். டம்ளர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீ சிந்தியது.

"பாருங்க அத்தை. இது டம்ளர் வெக்கற விரிப்பு. எங்கம்மாவுக்குப் பின்னத் தெர்ல. அவ்ளோதான் விஷயம்." வீட்டில் யார் தூங்கினால் என்ன என்பதுபோல் உரக்கப் பேசினாள். "இந்த மாசமும் இல்ல. இருந்தா உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன். இல்லன்னு சொன்னா இல்லன்னு நம்புங்க. ஒவ்வொருத்தருக்கா 'இல்ல, இல்ல'ன்னு சொல்றது எனக்கு எப்படி இருக்கும்?"

செல்வி தரையைப் பார்த்தாள். சம்பந்தியம்மா தன் முந்தானையால் சிந்திய டீயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு பையை என் பக்கம் நகர்த்தி, "மாங்காய ஊறுகாய் போட்டுடுங்க சம்மந்தி" என்றார். நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் நிவேதா அதே வீடியோவைச் சத்தத்தோடு போட்டுப் பார்த்தாள். "ஏம்மா, ஒவ்வொரு சுத்துக்கும் பின்னல் கண்ணிய கூட்டிக்கிட்டே போகணும், இல்லன்னா குழிஞ்சிடும்னு எத்தினி வாட்டி சொல்றாங்க. நீ கேக்கவே இல்லியா?"

கேட்கவில்லைதான். கையை மட்டும்தானே பார்த்தேன்.

அவள் நூல் நுனியை இழுத்தாள். குல்லா சரசரவென்று அவிழ்ந்து வெறும் நூலானது. ஊசியை எடுத்துப் புதிதாக ஆரம்பித்தாள். நான் எழுந்து தெருக்கதவைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டும்மா. வெளிச்சம் வேணும்."

திறந்தே வைத்திருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் தாராளமாக எட்டிப் பார்க்கலாம். செல்வி, நீயும்தான். இது டம்ளர் விரிப்பு. டம்ளருக்கு எத்தனை மாதம் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.