மீன் மூச்சு விடாது

தெருவில் என் வீட்டுக்காரருக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பெயர். மீன் கிடங்கின் குளிர் அறைகளுக்கு இரவுக் காவல். கதவு இடுக்கில் ரப்பர் பட்டி பிய்ந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தே தலை நரைத்தவர். அவர் வீடு திரும்பும் நேரம், நான் தையல் கடைக்குக் கிளம்பிவிடுவேன். லீவு நாள்கூட ஒத்துப்போனதில்லை. ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கினோம். இதற்குப் பெயர் குடித்தனமாம்.

ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரியில் தூக்கம் வராமல் வீட்டுக் கதவுகளைத் தடவிக்கொண்டு நடந்தார். பிறகு ஒருநாள் குட்டி டிரெய்லர் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். கரடுமுரடான பாதைக்கென்று பெரிய டயர்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரே ஒரு தடவை வா. குளிருச்சுன்னா வித்துடறேன்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கும் உள்ளூரப் பயம்தான். சேர்ந்து இருந்தே பழகாத நாங்கள் மிச்சக் காலத்தை எப்படி ஓட்டப்போகிறோம்?

மலைமேல் ஒரு ஏரிக்கரை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. டிரெய்லரில் ஓர் இடுக்கு விடாமல் புது ரப்பர் ஒட்டியிருந்தார், கூரை ஜன்னல் உட்பட. கம்பளிக்குள் நுழைந்ததுதான் தெரியும். கனவில் மழை கொட்டியது. கடை மிதந்து போக, நான் தையல் மெஷினை மிதித்தே ஏரியைக் கடந்துகொண்டிருந்தேன்.

மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. விடிந்திருந்தது. கூரை முழுக்க நீர்த்துளிகள், கம்பளியெல்லாம் ஈரம்.

“மழையாங்க?”

“நம்ம மூச்சுதான். வெளிய போக வழியில்லாம தண்ணியாயிடுச்சு.” துண்டால் துடைத்துக்கொண்டிருந்தவர் குரல் சுருங்கியிருந்தது. “எத்தனை வருஷம் கதவு அடைச்சேன், இது தோணல பாரு. வித்துடலாம்.”

“நீங்க அடைச்சு வச்ச மீனு மூச்சு விடாது. நாம விடுறோம்ல?”

சிரித்துவிட்டார். கன்னத்தில் தலையணைத் தழும்பு. அவரும் தூங்கியிருக்கிறார். மேலே என் பக்கத்துச் சொட்டும் அவர் பக்கத்துச் சொட்டும் நடுவில் சேர்ந்து வழிந்தன. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு, இருவரும் சேர்ந்து தூங்கிய முதல் ராத்திரி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“துடைச்சது போதும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க.”

ரப்பரைப் பிய்த்துத் திறந்தார். வெளிக்காற்று சில்லென்று உள்ளே இறங்கியது.

“குளிருதா?” என்றார் பயந்துபோய்.

“இல்லியே,” என்றேன். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.