அண்ணியும் இறுகிப்போன உருளையும்

என் அண்ணி சைக்கிள் மெக்கானிக். நான் அவருக்குக் கீழே பஞ்சர் ஒட்டுகிறவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் உண்மை அதுதான். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

அண்ணனுக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை. அவனைக் கூட்டிப் போவதற்காகவே இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிள் ஒன்றை அண்ணி தேடிப் பிடித்தார். முன்னால் அவர், பின்னால் அவன். இரண்டு பேரின் பெடல்களையும் ஒரு செயின் இணைக்கும். முன் பெடலின் அச்சு ஓர் உருளைக்குள் நடுவில் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். உருளையைத் திருப்பினால் அச்சு நகர்ந்து செயின் விறைக்கும்.

அந்த உருளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் "பிரிச்சுத் துடைச்சு கிரீஸ் போடுங்க" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும் அண்ணி, தன் வண்டிக்கு ஒருமுறைகூடச் செய்யவில்லை. பிரித்துப் போட்டால் அண்ணன் வீட்டில் அடைந்து கிடப்பானே! உருளையைப் பிடித்திருக்கும் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவார், அவ்வளவுதான்.

ஒரு மாலை அண்ணனை உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"தம்பி, இதை வித்துடலாம்."

"என்ன அண்ணி, வெளையாடறீங்களா?"

"மூணு மாசமா உங்க அண்ணன் மிதிக்கவே இல்ல. நான்தான் ஒத்தையா இழுத்துட்டு வர்றேன். வெளிய வரவே அவருக்குப் பிடிக்கல போல. மனசு விட்டுப்போச்சு. நான் என்னன்னு கேக்குறது?"

எனக்கு அண்ணன்மேல் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு செய்கிறவரை இப்படியா வாட்டுவது?

விற்பதானாலும் ஒழுங்கு பண்ணித்தானே விற்க வேண்டும். மறுநாள் அண்ணனை விடுப்புப் போடச் சொல்லிவிட்டுப் பெடல்களைக் கழற்றி, போல்ட்டைத் தளர்த்தினோம். உருளை அசைவேனா என்றது. எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறப்போட்டோம். அடுத்த நாள் மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி என் தோள் கழன்றபோதுதான் வெளியே வந்தது. உள்ளே ஒரு கைப்பிடித் துருவும் மணலும்.

"ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணி.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினோம். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் அதிகம் விறைக்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் தளர்வு விட்டு போல்ட்டை முறுக்கினார்.

ஓட்டிப் பார்க்க அண்ணனைக் கூப்பிட்டோம். சீட்டைத் தடவிப் பார்த்தவன் ஏறவில்லை.

"அந்தக் கிறுக் கிறுக் சத்தம் போயிடுச்சா?" என்று கேட்டான்.

"எந்தச் சத்தம்?" என்றார் அண்ணி.

"ரெண்டு பேரும் சேர்ந்து அழுத்தி மிதிச்சா கீழ கேக்குமே, அது. அதான் நான் அழுத்தாம, சும்மா காலை மட்டும் வச்சுட்டு வந்தேன். உன் காதுல விழுந்தா வண்டியப் பிரிச்சுப் போட்டுருவ. அப்புறம் இந்த ரெண்டு நாள் மாதிரி சுவத்தோட பேசிட்டுக் கெடக்கணும். என்னால முடியாதும்மா."

அண்ணி ஹேண்டில்பாரில் நெற்றியைச் சாய்த்து ஓவென்று அழுதார்.

"ஐயோ, என்னாச்சு? வண்டி சரியாகலையா?" என்று பதறினான் அண்ணன்.

"ஏறுங்க," என்றார் அண்ணி. "உடைஞ்சாலும் பரவாயில்ல, அழுத்தி மிதிங்க."