கோயில் ஏலத்தில் தராசு ஏறிய வாழைக்குலை

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் இனசனங்களுக்கும் ஊரவர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. படித்த ஆட்கள் அவரைப் பற்றி நல்ல தமிழில் எழுதியிருப்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த வாழைக்குலை நிறுத்த அன்றைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அதை நான்தான் சொல்லவேண்டும்.

அண்ணை பிறந்தது தெல்லிப்பழைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்ட வளவில். எங்களைப் பெற்ற அப்பு இளவயதிலேயே கண்ணை மூடிவிட்டார். அம்மாவையும் என்னையும் அண்ணைதான் துலா மிதித்து, தண்ணி இறைத்துக் காப்பாற்றினார். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கலியாணம் பேச விட்டார். கோபம் வந்தால் பேசமாட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

எங்கடை கிணறு பங்குக் கிணறு. பங்காளர் முறை வைத்து இறைப்பார்கள். துலா இருந்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பும் நிற்கும். பிறகு ஊரெல்லாம் தண்ணி மிஷின் வந்தது. மிஷினுக்குக் களைப்பு ஏது? சில வருஷத்துக்குள் ஆடி மாதத் தண்ணி சவர் தட்டத் தொடங்கியது. சவுக்காரம் நுரைக்கவில்லை. தேத்தண்ணி வாயில் வைக்கேலாது.

அந்த நேரம் எங்கடை பக்கத்துத் திருநெல்வேலி விவசாயப் பண்ணையிலிருந்து ஒரு ஆராய்ச்சி உத்தியோகத்தர் சைக்கிளில் வந்து கிணற்றுத் தண்ணியைப் போத்தலில் எடுத்துப் போனார். திரும்பி வந்து பங்காளரைக் கூட்டி வைத்துச் சொன்னார். நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்குதாம். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே ஏறி வருமாம். வாழையடியைச் சருகும் வைக்கோலும் போட்டு மூடி, ஒரு முறை விட்டு ஒரு முறை இறைத்தால் போதுமா என்று சோதிக்க ஆராவது தோட்டம் தரவேண்டும் என்றார்.

அண்ணைதான் தன்னுடைய வாழைத் தோட்டத்தைக் கொடுத்தார். ஒரு பாதி மூடினது, மறுபாதி வழமைபோல. பெரிய பங்காளி மாணிக்கத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, வாழைக்குப் பாய் விரிச்சுப் படுக்க வைக்கிறியளோ?” என்று கேட்டார். ஆனால் எல்லாருமாய்ப் பேசிவைத்த ஒரு ஒப்பந்தத்துக்கு அவரும் இணங்கினார். மூடின பாதிக் குலைகள் மறுபாதியை விட நிறையில் குறையாவிட்டால் எல்லாப் பங்காளரும் அப்படியே இறைப்பார்கள். குறைந்தால் அண்ணை இந்தக் கதையை அதோடு விடவேண்டும்.

முதலில் முத்தினது மூடின பக்கத்துக் குலைதான். அம்மாடி, என்ன குலை! அண்ணை காலையில் கீரிமலைக்கு முழுகப் போன நேரம் பார்த்து, அவருடைய மனிசி, என்ரை மச்சாள், அதை வெட்டுவித்துப் பிள்ளையாருக்கு அனுப்பிவிட்டா. தோட்டத்து முதற்குலை சாமிக்கு என்பது எங்கடை வழக்கந்தானே.

அண்ணை முழுகிவிட்டு வந்த கையோடு உத்தியோகத்தரும் தராசோடு வந்தார். வெட்டின மரம் நிற்குது, குலையைக் காணவில்லை.

“சாமிக்குப் போறதைத் தராசிலை போடுறதே?” என்றா மச்சாள்.

அந்த மனிசன் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணால் காணாத நிறையை எழுதேலாது, அதை விட்டால் அந்தப் பாதி குறைந்துதான் காட்டும் என்றார். அண்ணை தராசைத் தூக்கித் தோளில் போட்டார். நானும் பின்னாலே ஓடினேன்.

கோயிலில் மத்தியானப் பூசை முடிந்து, வந்த பொருட்களை ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். ஏலம் எடுத்தவருக்குத்தான் குலை, அவர் நிறுத்தாலும் சரி, தின்றாலும் சரி என்று ஐயர் சொல்லிவிட்டார். அண்ணை ஒரு விலை கேட்டார். மாணிக்கத்தார் கூட்டிக் கேட்டார். அண்ணை இன்னும் கூட்டினார். சனமெல்லாம் ஏலத்தை விட்டு இவர்கள் இரண்டு பேரின் வாயைத்தான் பார்த்தது. கடைசியில் அண்ணையால் ஏலவில்லை. குலை மாணிக்கத்தாருக்குப் போனது.

மாணிக்கத்தார் குலையைத் தானே தூக்கி வந்து அண்ணைக்கு முன்னால் வைத்தார்.

“நீ எடுத்திருந்தால் நாளைக்கு ஊர் உன்னை நம்பாது. இப்ப இது என்ரை குலை. எல்லாருக்கும் முன்னாலை நிறு.”

தராசுக் கொழுக்கி வளைந்துவிடும் போல இழுபட்டது. உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அண்ணையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வெட்டின குலைகள் எல்லாம் நிறுத்து முடிய, மூடின பாதிதான் கொஞ்சம் முன்னுக்கு நின்றது. அந்த முதற்குலை சேராவிட்டால் தோற்றிருக்கும். அடுத்த போகத்திலிருந்து பங்காளர் எல்லாரும் வாழையடியை மூடினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து சனம் வந்து பார்த்துப் போனது. அண்ணை வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் விளங்கப்படுத்துவார்.

கடைசியில் நெஞ்சு வருத்தத்தோடு படுத்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்குத்தர்மாருக்கும் தாதிமாருக்கும், இரவு பகலாய்ப் பக்கத்தில் இருந்த மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பாடை தூக்கிய தோள்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். கிணற்றுப் பங்காளருக்குத் தனியாக என் கும்பிடு. அண்ணையைக் குளிப்பாட்ட ஆளுக்கொரு வாளி அவர்கள்தான் அள்ளித் தந்தார்கள். கடும் ஆடி மாதம். மாணிக்கத்தார் தன் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

“நல்ல தண்ணி. கொண்டு போங்கோ,” என்றார்.