அத்தை இட்ட கட்டளை

எங்கள் வீட்டில் லோசாலினே அத்தையின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அப்பாவின் அக்கா அவள். தென்கடலிலுள்ள எங்கள் வவாவு தீவில் எந்த வீட்டிலும் அத்தைக்கு அந்த இடம்தான். கல்யாணம், நிலம், பிறந்த குழந்தைக்குப் பெயர், எல்லாம் அவள் வாயிலிருந்து வரவேண்டும். அப்படிப்பட்டவள் முப்பது வயதில் குன்றின் மேலுள்ள கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். கிழிந்த அங்கியைத் தைக்க நூல் வேண்டுமென்றாலும் அனுமதி கேட்பாள். சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் வேலை. சொந்தமென்று ஒரு சீப்புகூட இல்லை. "எங்களுக்கு நீ செத்துட்டே" என்று கத்திய அப்பா, இருபத்திரண்டு வருடமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. அக்காவைப் பகைத்ததால் வந்த நோய் என்றே நம்பினார். அவள் மன்னிக்காமல் தான் செத்தால் அந்தப் பாவம் எங்களையும் தொடரும் என்று நடுங்கினார். தூக்கிப் போகவும் முடியாத உடம்பு. நான் மடத்துக்கு ஓடினேன்.

பார்வையாளர் அறையின் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று கேட்ட அத்தை, மடத்துத் தலைவி அகாட்டாவிடம் போய் மண்டியிட்டாள். அகாட்டா அத்தையிடமே துறவு பழகியவள். பதினைந்து வயது இளையவள். மடத்துக்கு மேலதிகாரியான ஆயர் சொல்லாமல் யாரையும் வெளியே அனுப்பத் தனக்கு அதிகாரமில்லை என்று அழுதாளாம். ஆயரோ தொலைவில் நியுவா தீவுகளில் இருந்தார். புயலில் தொலைபேசி அறுந்துபோயிருந்தது. கப்பல் வர ஒரு வாரம் ஆகும்.

"கதவு பூட்டியா இருக்கு, அத்தை? எங்களையெல்லாம் ஆட்டி வெச்சவங்க நீங்க. இந்தப் பொண்ணு சொன்னதுக்கு உக்காந்திருக்கீங்களே?"

"பூட்டாததாலதாண்டி உக்காந்திருக்கேன்" என்றாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. "உங்கப்பன்கிட்ட சொல்லு. ஆயர் கடிதம் வர்ற வரைக்கும் சாகக் கூடாது. அக்கா சொன்னேன்னு சொல்லு."

அப்பாவிடம் சொன்னேன். "இன்னும் அதிகாரம் போகல பாரு அவளுக்கு" என்று சிரித்தார். பிறகு கீழ்ப்படிந்தார். தூக்கத்தில் உயிர் போய்விடுமோ என்று கண்ணை மூட மறுத்தார். வலிக்கு ஊசி போட வந்த நர்ஸைத் தள்ளிவிட்டார். ஐந்து நாள் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் காலை என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அக்கா உயிர விடச் சொன்னாளா?"

மறுபடி ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். இப்போதாவது எழுந்து வருவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை.

"போகச் சொல்லு" என்றாள். "மன்னிக்க ஒண்ணுமில்லேன்னு சொல்லிடாதே. இருந்துச்சு. மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

அப்படியே அப்பாவின் காதில் சொன்னேன்.

"அவ சொன்னாளா, நீயா சொல்றியா?"

சத்தியம் செய்தேன். மதியம்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். நம்பிப் போனாரா, தாங்காமல் போனாரா, எனக்குத் தெரியவில்லை.