மிளகுக் கொடிக்கு விடை தேடிய மிஸ்

பிள்ளைகளே, யுத்தகாலத்தில் கலகெதரயில் நம் மிளகுத் தோட்டத்துக்கு நோய் வந்தது. சில கொடிகளின் இலை சுருண்டது, சிலது வெறுமனே மஞ்சளானது. "எல்லாத்தையும் புடுங்கி எரிச்சிருங்க" என்றார்கள் ஊரில். எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வகை இலையையும் பேராதனை ஆய்வுகூடத்தில் கொடுத்தேன்.

சில வாரம் கழித்துப் போனபோது, கொண்டையில் பென்சில் செருகிய யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் கணினி முன் இருந்தார். அதற்குக் கட்டளை கொடுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தார்.

"கம்பியூட்டர் பழுதாப் போச்சா மிஸ்?"

"இல்லை நானா. சுருண்ட இலையில ஒரு வைரஸ் இருக்கு. அதின்ர மரபணு எழுத்து வரிசையை வாசிச்சிட்டன். அதுபோல முந்திக் கண்டதுகளை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூண்டு தகவல் களஞ்சியத்திலயும் இந்தக் கணினி நிரல் கேட்டு எடுக்குது. அவசரப்பட்டு அடுக்கடுக்காக் கேட்டா கதவைச் சாத்திப்போடுவினம்."

"வரிசையில முண்டினாச் சாத்திடுற நம்மட சங்கக்கடை மாதிரித்தான்" என்றேன். சிரித்துவிட்டார்.

பதில் வந்தது. "மிளகில வாற வைரஸ்தான். சுருண்டதை மட்டும் புடுங்குங்கோ. மஞ்சளான கொடிக்கு உரம் காணாது, போட்டாச் சரிவரும், அவ்வளவுதான்."

எனக்கு உயிர் வந்தது. "அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்மளத் தெரியுமா மிஸ்?"

"தெரியாது. கேட்டாத் தருவினம். நாங்கள் கண்டதையும் அங்க வைக்கோணும். உங்கட ஊர்ப் பேரைச் சொல்லுங்கோ."

அந்த நாட்களில், சந்தேகப்படுவார்கள் என்று பயந்து, யாழ்ப்பாணத்து ஆட்கள் பஸ்ஸில் தங்கள் ஊரைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அவரோ என் ஊரை, "கலகெதர, இலங்கை" என்று சந்தோஷமாக உரக்கச் சொல்லிச் சொல்லிக் கணினியில் தட்டினார்.