பின்னிருக்கையில் மிதித்தவன்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. பிறகு தூத்துக்குடியில் வங்கி வேலை கிடைத்தது. பார்வையற்றவர்களுக்கான விளையாட்டுச் சங்கம் ஒன்று இருவர் மிதிக்கும் சைக்கிள் தந்தபோது, முன்னால் உட்கார்ந்து ஓட்ட ஆள் தேடினேன். என்னோடு பள்ளியில் படித்த, கடலில் சங்கு குளிக்கப் போகும் நண்பன் வந்தான்.

ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் அவன் கையில். எனக்கு மிதிப்பது மட்டும்தான். முதலில் மேடு, பள்ளம், வளைவு என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். போகப்போக அதுவும் தேவைப்படவில்லை. அவன் உடம்பு சாய்வது, அவன் சீட்டுக்கு அடியில் பொருத்திய கைப்பிடி வழியாக என் கைக்கு வந்துவிடும். விடியலில் திருச்செந்தூர் சாலையில் போவோம். உப்பளத்தைத் தாண்டினால் எதிர்க்காற்று நெஞ்சில் அறையும். இரண்டே வருடத்தில் மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கினோம். தேசியப் போட்டிக்கும் தேர்வானோம்.

அதற்கான பயிற்சியில்தான் விழுந்தோம். பக்கச் சாலையிலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி ஏறி வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரேக்கின் கிறீச்சொலி, பிறகு தரை. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. எனக்கு முழங்கை தோல் உரிந்ததோடு சரி. ஆஸ்பத்திரியில் நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன்.

எலும்பு கூடியதும் மறுபடி கிளம்பினோம். அன்று சைக்கிளே வேறாக இருந்தது. நேர்ச் சாலையிலும் அவன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டான். தூரத்தில் லாரி ஹாரன் கேட்டதும் ஓரம் கட்டிக் காலை ஊன்றினான்.

"என்னால ஆவாதுலே" என்றான்.

எலும்பு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும், கூடவே விழுந்த எனக்குப் பயமில்லையே என்றேன்.

"ஒனக்குத் தெரியாது. ஒன் தலைக்கும் லாரி சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல. நான் பாத்துக்கிட்டே கெடந்தேன், கையத் தூக்க முடியல. கண்ண மூடுனா அதுதான் வருது."

அதுவரை யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை. அந்த லாரியை நான் சத்தமாக மட்டுமே நினைவில் வைத்திருந்தேன். அவன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வற்புறுத்த வாய் வரவில்லை. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர்வரை நடந்தோம். வழியில் அவன் அழுதான் என்று நினைக்கிறேன்.

தேசியப் போட்டிக்குப் பயிற்சியாளர் வேறொருவரை ஏற்பாடு செய்தார். நல்ல வேகமான ஆள். ஆனால் அவர் எப்போது எழுந்து மிதிப்பார், எப்போது விடுவார் என்று என் காலுக்குப் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு இறுகியது. கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தோம்.

அன்று சாயங்காலம் அவன் போன் செய்தான். எத்தனையாவது இடம் என்று கேட்பான் என நினைத்தேன்.

"விழுந்தியாலே?"

இல்லை என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டான்.

ஊர் திரும்பி சைக்கிளைச் சங்கத்திடமே ஒப்படைத்தேன். அவன் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால் மீன் விலை, பிள்ளைகள் படிப்பு என்று பேசுவோம். பேச்சு நின்றுபோகும் இடங்களில் இரண்டு பேருமே அவசரமாக வேறெதையாவது எடுத்துவிடுகிறோம்.